மணிக்கட்டுப் பட்டையும் தறிக்குழியும்: முதியோரின் வலியை அளக்கப் போன அனுபவம்

சேலம் அம்மாப்பேட்டையில் குழித்தறி ஓடும் ஒரு வீட்டில், 68 வயதான ஓர் அம்மாவின் இடது மணிக்கட்டில் ஏழு நாள் இருந்த சென்சாரைக் கழற்றி மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தபோது, அவர் தினமும் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை ஏறக்குறைய விடாமல் நடந்துகொண்டே இருந்ததாகத் திரை காட்டியது. முழங்கால் வலியால் தெருமுனைக் கடைக்குக்கூடப் போக முடியவில்லை என்று எங்களிடம் சொன்னவர் அவர். அந்த வரைபடத்தைப் பார்த்ததும், அவர் சொன்னதில் ஏதோ மிகை இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அவர் நடக்கவே இல்லை. தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை, ஊடுநூலை எடுத்துச் செல்லும் நாடாவின் கயிற்றை இழுக்க, இடது கை அச்சுச் சட்டத்தை முன்னும் பின்னும் தள்ள, அந்தச் சீரான அசைவை நடக்கும்போது வீசும் கையின் அசைவாகக் கருவி எண்ணிக்கொண்டது. அடுத்த நாள் மறுபடியும் போய் அவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

நான் இயன்முறை மருத்துவம் படித்தவள். முதியவர்களின் வலி, நடமாட்டம், நினைவாற்றல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதை அணிகருவிகளின் துணையோடு பார்க்க முயன்ற ஒரு சிறு குழுவில், சேலம் நகரின் நெசவுத் தெருக்களிலும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டக் குடியிருப்புகளிலும் களப்பணி செய்தேன். இதே போன்ற வேலையைத் தமிழ்நாட்டின் வேறு ஊர்களில் தொடங்க இருப்பவர்கள் எங்களைப் போலத் தடுமாறாமல் இருக்க உதவும் என்பதால், எங்களுக்கு நேர்ந்தவற்றை எழுதுகிறேன்.

எதற்காக இப்படி அளக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை எளியது. மருத்துவரிடம் போகும் முதியவரிடம், "போன வாரம் வலி எப்படி இருந்தது?" என்றுதான் வழக்கமாகக் கேட்கிறோம். வாரம் முழுவதையும் கூட்டிச் சராசரி போட்டு யாரும் பதில் சொல்வதில்லை. மிக மோசமாக வலித்த நேரமும் கடைசியாக வலித்த நேரமும்தான் மனத்தில் மேலெழுந்து நிற்கும். நினைவாற்றல் குறையத் தொடங்கியவரிடம் இந்தக் கேள்வியின் பயன் இன்னும் குறைவு. 2017-18இல் முதல் சுற்று நடந்த இந்திய நீள்முதுமை ஆய்வோடு இணைந்த மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கிறது. அவர்களுக்கும் மூட்டு தேய்கிறது, இடுப்பு பிடிக்கிறது. ஆனால் வலியைச் சொல்லும் திறன் மெல்ல மெல்லக் கழன்றுவிடுகிறது. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, வாய்விட்டுச் சொல்வது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளில் ஒன்று மட்டுமே என்றும், சொல்ல இயலாமை வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது என்றும் குறிப்பு எழுதியது. எங்கள் வேலைக்கான நியாயத்தை அந்த ஒரு குறிப்பிலேயே நான் கண்டேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. தொடர்ந்து வலிக்கும்போது கவனத்தின் ஒரு பங்கை வலியே பிடித்துக்கொள்கிறது, தூக்கம் கெடுகிறது, வலிக்காகக் கொடுக்கும் டிரமடால், அமிட்ரிப்டிலின் போன்ற சில மருந்துகள் வயதானவர்களுக்கு மந்தத்தையும் சில வேளைகளில் குழப்பத்தையும் உண்டாக்குகின்றன. ஆகவே ஒருவர் நினைவுச் சோதனையில் குறைந்த மதிப்பெண் பெற்றால், அது மூளையின் தேய்வா, அன்றைய வலியா, நேற்றிரவு தூங்காததா, மாத்திரையா என்று ஒரே சந்திப்பில் பிரித்தறிவது அரிது. நாள்தோறும் தொடர்ந்து பார்த்தால்தான் ஓரளவு பிரிக்கலாம்.

கருவி என்ன செய்கிறது என்பதைக் குடும்பத்தாருக்கு விளக்கத் தெரியாமல் யாரும் களத்துக்குப் போகக் கூடாது. முடுக்கமானி என்று பாடநூல்கள் சொல்லும் ஆக்சிலரோமீட்டர்தான் இதன் உயிர். மேல்-கீழ், முன்-பின், பக்கவாட்டு என மூன்று திசைகளில் ஏற்படும் வேகமாற்றத்தை நொடிக்குப் பலமுறை அது குறித்துக்கொள்கிறது. நொடிக்கு 50 முறை என்று வைத்துக்கொண்டால், ஒருவர் ஏழு நாள் அணிந்ததும் ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட எண்கள் சேர்ந்துவிடும். உடல் அசையாமல் இருக்கும்போதும் அது புவியீர்ப்பை உணர்கிறது. அதனால் கருவி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும். தொடையில் ஒட்டிய கருவி, உட்கார்ந்திருப்பவரையும் நிற்பவரையும் பிரித்துச் சொல்வது இந்தச் சாய்வை வைத்துத்தான். மணிக்கட்டுக் கருவிக்கு இந்தப் பிரிவினை சரியாக வராது. வலியையோ யோசனையையோ எந்தக் கருவியும் நேராக அளப்பதில்லை; அளக்கப்படுவது அசைவு மட்டுமே. இதை நாங்கள் ஒவ்வொரு வீட்டிலும் முதல் வாக்கியமாகச் சொல்லியிருக்க வேண்டும்; தொடக்கத்தில் சொல்லவில்லை.

அம்மாப்பேட்டை அனுபவத்துக்குப் பிறகு, கருவியை உடம்பில் எங்கே வைப்பது என்ற கேள்வியை மீண்டும் முதலிலிருந்து யோசித்தோம். வழக்கமான நெறி, அதிகம் பழகாத கையில் கட்டு என்கிறது. நம் தொழில்களுக்கு அந்த நெறி பொருந்துவதில்லை. தறி நெய்பவரின் இடது கை, நடக்காமலே அடிகளைக் கூட்டிவிடுகிறது. அதே வீட்டில் ராட்டையில் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்சுருள்) சுற்றும் மூத்த பெண்மணியின் வலது கைதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இடது கை நூலைப் பிடித்தபடி கிட்டத்தட்ட அசையாமல் இருக்கிறது. அவருடைய காலை நேரம் முழுவதையும் கருவி வெறும் ஓய்வாகக் காட்டியது. ஒரே கூரையின்கீழ் ஒருவரின் உழைப்பு நடையாகவும் மற்றவரின் உழைப்பு ஓய்வாகவும் பதிவானதைப் பார்த்தபோது, எண்களை அப்படியே மேசைக்குக் கொண்டுபோயிருந்தால் எவ்வளவு பெரிய தவறு செய்திருப்போம் என்று அஞ்சினேன்.

ஆகவே இடுப்பிலோ தொடையிலோ இரண்டாவது கருவி ஒன்றை வைத்தோம். ஆண்களுக்கு இது எளிதாக முடிந்தது. பெரும்பாலான தாத்தாக்கள் அரைஞாண் கயிறு கட்டியிருந்தார்கள். சிறு துணிப்பையில் கருவியைப் போட்டு அந்தக் கயிற்றிலேயே கோத்துவிட்டோம். குளிக்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை, மறந்துபோவதும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த இடுப்புப் பட்டையை வேட்டிக்கு மேல் கட்டிக்கொண்டு வெளியே போகத் தயங்கியவர்கள், அரைஞாணில் கோத்ததை மறுக்கவில்லை. பெண்களுக்கு உள்பாவாடை நாடாவில் முடியும்படி தைத்தோம். ஆனால் நடக்க நடக்க அது முன்பக்கம் நகர்ந்துவிடும். இதற்கு ஒரு நல்ல தீர்வை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. காலையும் மாலையும் சரிசெய்துகொள்ளச் சொன்னோம், அவ்வளவுதான்.

மணிக்கட்டில் எதையும் கட்ட மாட்டேன் என்று ஒரு பாட்டி மறுத்தார். காரணம் கேட்டு நாங்கள் வற்புறுத்தியதுதான் பிழை. கணவர் இறந்த நாளில் வளையலைக் கழற்றிய பிறகு அந்தக் கையில் எதையும் போட்டதில்லை என்று அவர் சொல்லி முடித்தபோது, எங்களுக்குப் பதில் சொல்ல வார்த்தை இல்லை. வேறு சிலர் கறுப்புப் பட்டையைப் பார்த்து, மந்திரித்த கயிறோ என்று ஐயப்பட்டார்கள். கருவியைக் காட்டுவதற்கு முன்பே, "உங்களுக்கு எங்கே வைத்தால் சங்கடம் இருக்காது?" என்று கேட்டுவிடுவது நல்லது. கண்ணாடி வளையல் அணிந்த கையானால், வளையலுக்கு மேலே முழங்கைப் பக்கமாகக் கட்ட வேண்டும். இல்லையென்றால் வளையல் கருவியில் மோதும் அதிர்வெல்லாம் அசைவாகப் பதிவாகும்.

கோடையில் சேலத்து வெயிலில் ரப்பர்ப் பட்டையின் அடியில் வேர்வை தங்கி, மூன்றாம் நாளே சிலருக்குத் தோல் சிவந்துவிட்டது. முதியவர்களின் தோல் மெல்லியது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறு புண்ணும் பெரிதாகும். பருத்தித் துணியில் உள்பட்டை தைத்து, ஒருவருக்கு இரண்டு கொடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்து மாற்றச் சொன்ன பிறகுதான் இந்தத் தொல்லை நின்றது. நாங்கள் செய்தவற்றிலேயே செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் இதுதான்.

மலையில் கதை வேறு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். அங்கே தோட்ட வேலை செய்து ஓய்ந்தவர்களையும், சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடிக் குடும்பங்களின் முதியவர்களையும் பார்த்தோம். பெயர் அப்படி இருந்தாலும் அவர்கள் பேசுவது தமிழ்தான். சில்வர் ஓக் நிழலில் காப்பிப் பழம் பறிப்பவர் ஒரே இடத்தில் நின்று கைகளை மட்டும் இயக்குகிறார். பிறகு பையைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறுகிறார். முடுக்கமானிக்கு ஏற்றமும் தெரியாது, சுமையும் தெரியாது. சமவெளியில் வெறுங்கையோடு நடந்த நூறு அடியும், சரிவில் சுமையோடு ஏறிய நூறு அடியும் அதற்கு ஒன்றே. உடல் செலவிடும் ஆற்றலோ இரண்டுக்கும் வெகுவாக மாறுபடும். கால்களைத் தேய்ப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான் என்று மலையிலுள்ள எல்லோரும் சொன்னார்கள். படியோ சரிவோ இறங்கும்போது முழங்கால் சில்லின் பின்புறம் அதிக அழுத்தத்தைத் தாங்குகிறது என்று நான் படித்ததோடு அது ஒத்துப்போனது. எனவே மலை வீடுகளில் ஒவ்வொருவரும் அன்றாடம் போகும் தடத்தை நாங்களே ஒருமுறை கூட நடந்து, எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எங்கே சுமை என்று குறித்துக்கொண்டோம். அந்தக் குறிப்பு இல்லாமல் மலையிலிருந்து எடுத்துவந்த எண்களை நான் நம்ப மாட்டேன்.

வாரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஆடி மாதத்தில் சேலம் நகரில் மாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் அளந்தால், ஆண்டு முழுவதும் வாசலைத் தாண்டாதவர்கூடக் கோயிலுக்கு நடக்கிறார், விழித்திருக்கிறார், வலியைப் பொறுத்துக்கொள்கிறார். மலையில் காப்பி அறுவடைக் காலமும் மழைக்காலமும் இரண்டு வேறு உலகங்கள். அறுவடையில் ஒரு வாரம், அது முடிந்த பின் ஒரு வாரம் என்று ஒரே நபரை இரண்டு முறை அளந்தது, முப்பது புதியவர்களை ஒருமுறை அளப்பதைவிட எங்களுக்குக் கூடுதலாகக் கற்றுக்கொடுத்தது.

வலியைக் கேட்பதற்கு நாங்கள் கொண்டுபோனது பூச்சியம் முதல் பத்து வரையிலான அளவுகோல். பள்ளிக்கூடம் போன தாத்தாக்களுக்கு அது வசப்பட்டது. மற்ற பலர் ஏழா எட்டா என்று தடுமாறி, எங்கள் முகத்தைப் பார்த்து, நாங்கள் எதை எதிர்பார்க்கிறோம் என்று ஊகித்துப் பதில் சொன்னார்கள். கொண்டலாம்பட்டிப் பக்கத்து ஆயா ஒருவர்தான் எங்களுக்கு வழி காட்டினார். "வலி எத்தனைன்னா என்ன கண்ணு சொல்றது? காலையில நாலணா, மத்தியானம் பன்னெண்டணா, வெளக்கு வெக்கிற நேரத்துக்கு முழு ரூபா" என்றார். பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற அணாக் கணக்கு 1957இல் சட்டப்படி போய்விட்டாலும், நாலணாவும் எட்டணாவும் அந்தத் தலைமுறையின் நாவில் அப்படியே இருக்கின்றன. அதன்பின் பத்து எண் அளவுகோலைக் கைவிடாமல், அதோடு அணாக் கணக்கையும் சேர்த்தே கேட்டோம். முன்னது உலக வழக்கோடு ஒப்பிட உதவும். பின்னது அந்த மனிதர் தம் நேற்றோடு இன்றை ஒப்பிட உதவும்.

எண்ணைவிடவும் சொல் முக்கியம் என்பதையும் களத்தில்தான் கற்றேன். குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, குத்தல், எரிச்சல், மதமதப்பு ஆகிய எல்லாவற்றையும் 'வலி' என்ற ஒரே கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தோம். எரிச்சலும் மதமதப்பும் ஊசி குத்துவதும் நரம்பு சார்ந்த வலியை நினைவூட்டும் சொற்கள். உட்கார்ந்து எழும்போது பிடிப்பு என்பவர் பெரும்பாலும் மூட்டைச் சொல்கிறார். மருத்துவம் இரண்டுக்கும் வேறு. நடமாட்டத்தில் அவை விட்டுச்செல்லும் தடமும் வேறு. கால் எரிச்சல் உள்ளவர்கள் இரவில் எழுந்து உலாவினார்கள். பிடிப்பு உள்ளவர்கள் விடியற்காலையில் நகரவே நேரம் எடுத்துக்கொண்டார்கள். குறிப்பேட்டில் அவரவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதத் தொடங்கிய பின்புதான் இவ்வேறுபாடு எங்கள் கண்ணில் பட்டது.

நாளுக்கு மூன்று முறை திரைபேசியில் மணியடித்துக் கேட்கும் செயலி ஒன்றையும் முயன்றோம். தறிச் சத்தத்தில் மணி கேட்கவில்லை. கேட்டாலும், காய்ப்பு ஏறி உலர்ந்த விரல்களைத் தொடுதிரை சரியாக உணரவில்லை. ரேஷன் கடையில் ரேகை விழாமல் மீண்டும் மீண்டும் அழுத்துபவர்களின் விரல்கள் அவை. திரையைத் தொடும் வேகத்தை வைத்து மூளையின் வேகத்தைக் கணிக்கும் சோதனை ஒன்றும் அந்தச் செயலியில் இருந்தது, முழுவதையும் விலக்கிவிட்டோம். விரல் பதியாததை மூளையின் மந்தம் என்று எழுதுவது அநியாயம். அதற்குப் பதிலாக, காலை, பிற்பகல், விளக்கு வைத்த பின் என்று மூன்று வேளையும் எங்கள் குழுவினர் ஒரே குரலில், ஒரே கேள்வியை, சாதாரண பட்டன் போனில் அழைத்துக் கேட்டார்கள். உழைப்பு அதிகம்தான், ஆனால் விடுபட்ட பதில்கள் வெகுவாகக் குறைந்தன.

நினைவுச் சோதனையில் கற்றவை இன்னும் கூர்மையானவை. 2005இல் வெளியான மொன்ட்ரியல் அறிதிறன் மதிப்பீடு 30 மதிப்பெண் கொண்டது. 26க்குக் குறைந்தால் மேலும் ஆராய வேண்டும் என்பது அதன் மூல நெறி. கனசதுரம் வரையச் சொல்லும், கடிகாரம் வரையச் சொல்லும். வாழ்நாளில் பேனா பிடிக்காத கைக்கு இது நினைவுச் சோதனையா, எழுத்துச் சோதனையா? எழுத்தறியாத கிராமத்து முதியவர்களுக்கென்றே அரியானாவின் பல்லப்கரில் உருவாக்கி 1995இல் வெளியிட்ட இந்தி மனநிலைச் சோதனையின் வழியைப் பின்பற்றியவற்றை நம் பக்கத்துக்குப் பயன்படுத்துவது பொருத்தம். அப்போதும் விழிப்பு வேண்டும். இன்றைய தேதி கேட்டால் மலைக்கிராமத்துத் தாத்தா, "ஐப்பசி பத்து" என்பார். அது சரியான விடை. அதைத் தவறென்று குறித்தால் தவறு நம்முடையது. சோதனைக்கு முன் காது கேட்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஒரு தாத்தாவை மலைக்கிராமத்திலிருந்து நடந்துவரச் செய்து, எங்கள் அறையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் சோதனையைத் தொடங்கியிருந்தோம். சொன்ன ஐந்து சொற்களில் ஒன்றைத்தான் திரும்பச் சொன்னார். ஒரு வாரம் கழித்து, அவர் வீட்டுத் திண்ணையில், காலைக் காப்பிக்குப் பிறகு, வேறு சொற்களை வைத்துக் கேட்டபோது நான்கைச் சொன்னார். முதல் நாளின் சென்சார் பதிவை எடுத்துப் பார்த்தோம். சோதனைக்கு முன் நாற்பது நிமிடம் இறக்கத்தில் நடந்திருக்கிறார், அன்று மாலை அவர் சொன்ன வலி முழு ரூபாய். அதிலிருந்து, சோதனையை அவரவர் வீட்டில், காலையில், ஓய்வுக்குப் பின் மட்டும் நடத்துவது என்றும், தொடங்கும் முன் அந்நேரத்து வலியையும், கடைசியாக மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதுவது என்றும் முடிவுசெய்தோம். இந்த இரண்டு வரி எழுதப்படாத எந்த மதிப்பெண்ணையும் இன்று நான் ஏற்பதில்லை.

தூக்கத்தைப் பற்றிய ஏமாற்றமும் சொல்லத்தக்கது. மணிக்கட்டுக் கருவி, அசைவின்மையைத் தூக்கம் என்று கணிக்கிறது. இடுப்பு வலியுள்ள ஒருவர் புரண்டால் வலிக்குமே என்று அசையாமல் விழித்துக் கிடந்தால், அதையும் நல்ல தூக்கமாகவே காட்டும். எட்டு மணி நேரம் தூங்கியதாகக் கருவி சொன்ன ஓர் ஆயா, இரவு இரண்டு மணிக்குத் தோட்டத்து நாய் குரைத்ததையும், மூன்றரைக்குப் பால் வண்டி போனதையும் எங்களுக்கு வரிசையாகச் சொன்னார். தூக்கக் கணக்கை எடுப்பவர்கள் காலையில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "ராத்திரி என்னென்ன சத்தம் கேட்டீங்க?"

எங்கள் கையால் நேர்ந்த பிழைகளும் உண்டு. கருவிகளைத் தயார்செய்த மடிக்கணினியின் கடிகாரம் ஒரு சுற்று முழுவதும் கிரீன்விச் நேரத்தில் இருந்துவிட்டது. ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பதிவானதால், தாத்தாக்கள் அனைவரும் நள்ளிரவில் எழுந்து, பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் படுத்துவிட்டவர்களாகத் தெரிந்தார்கள். மறதிநோயில் இரவு-பகல் மாறிப்போவது உண்டென்பதால், ஓரிருவர் விஷயத்தில் அதை நோயின் அறிகுறியாகவே எழுதிவிட்டோம். எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்தபோதுதான் விழித்தோம். இப்போது கருவியைக் கட்டியவுடன் மேசையில் மூன்று முறை தட்டச் செய்து, அந்த மணியைக் கைக்கடிகாரத்தில் பார்த்துத் தாளில் எழுதுகிறோம். பிறகு பதிவில் அந்த மூன்று கூர்முனைகளைத் தேடினால் நேரம் சரியா என்று தெரிந்துவிடும்.

மற்றொரு பதிவில், பாட்டி ஒருவர் தினமும் மாலை நாலரை மணிக்கு ஓடத் தொடங்கினார். பள்ளி விட்டு வந்த பேரன் பட்டையை வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்டு தெருவில் விளையாடியிருக்கிறான். எண்ணெய்க் குளியலுக்குக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு மறுநாள் கட்டியவர்கள் பலர். அணியாத நேரத்தைக் கண்டறிய, 60 அல்லது 90 நிமிடம் தொடர்ந்து அசைவே இல்லையென்றால் கழற்றப்பட்டதாகக் கொள்ளும் விதிகள் உண்டு. வலியோடு அசையாமல் சாய்ந்திருக்கும் முதியவரையும் அந்த விதி வெளியே தள்ளிவிடக்கூடும் என்பதால், கழற்றிய நேரத்தைக் குறிப்பேட்டில் ஒரு கோடாகப் போடும்படி வீட்டில் ஒருவரைப் பழக்கினோம். பெரும்பாலும் அந்தப் பொறுப்பைச் செம்மையாகச் செய்தவர்கள் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகள்தான்.

இவற்றையெல்லாம்விட எனக்கு ஆழமாகப் பதிந்தது, ஒரு வீட்டில் முடிவுத் தாளைக் கொடுத்த நாள். மருமகள் தாளைப் பார்த்தார். "பாருங்க, நாலாயிரம் அடி நடந்திருக்காங்க. எங்ககிட்ட மட்டும்தான் மூட்டுவலியா?" என்றார். அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்து, பட்டை இருந்த மணிக்கட்டை மூடிக்கொண்டார். அந்த நாலாயிரம் அடிகளில் பெரும்பகுதி அவர் உட்கார முடியாமல் எழுந்து, சுவரைப் பிடித்து, கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தவை. ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும் மூட்டு அவரை நடக்க விரட்டியிருந்தது. வலி கூடிய நாட்களில் அவருடைய அடிகள் கூடியிருந்தன. இதை நாங்கள் தாளில் எழுதவில்லை. எண்ணை மட்டும் எழுதி, அவரைக் குற்றவாளியாக்கிவிட்டோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். நாங்கள் அதை முறையாகச் செய்திருந்தோம். ஆனால் முடிவுகளை யாருக்குக் காட்டலாம் என்று அவரைத் தனியாகக் கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்கிறோம். மகன், மகள், மருமகள் எவராயினும், முதியவர் 'சரி' என்று சொன்னவருக்கு மட்டுமே தாள் போகிறது. தாயார் எந்தெந்த வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்துகொள்ள விரும்பிய பிள்ளைகளும் உண்டு. இருப்பிடம் காட்டும் கருவி எதையும் நாங்கள் பயன்படுத்துவதில்லை, இனியும் பயன்படுத்த மாட்டோம். மறதி தொடங்கியவரிடம் ஒப்புதலை ஒருமுறை வாங்கினால் போதாது. ஒவ்வொரு முறை போகும்போதும் கருவியைக் காட்டி மறுபடி கேட்க வேண்டும். அவர் கையை இழுத்துக்கொண்டால் அது மறுப்புதான்.

அப்படியானால் இந்தக் கருவிகளால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு, அது நாங்கள் தேடிய இடத்தில் இல்லை. மொத்த அடிகளின் எண்ணிக்கை வலியைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஒரு வேலையில் இருக்க முடிகிறது, நடை எத்தனை துண்டுகளாக உடைகிறது, உட்கார்ந்த நிலையிலிருந்து எழ எத்தனை நொடி ஆகிறது, காலையில் முதல் நடமாட்டம் எப்போது தொடங்குகிறது என்பவைதான் சொல்கின்றன. நம் முதியவர்கள் நாற்காலியிலிருந்து எழுவதைவிடத் தரையிலிருந்து எழுவது அதிகம் என்பதால், நாற்காலியை வைத்து உருவாக்கிய கணக்குகள் அப்படியே பொருந்துவதில்லை. குந்தி உட்கார்ந்திருப்பதையும் சம்மணமிட்டிருப்பதையும் தொடைக் கருவி குழப்பிக்கொள்ளும். ஒவ்வொருவரையும் முதல் நாளில் பத்து நிமிடம் நடக்க, நிற்க, குந்த, சம்மணமிட, தரையிலிருந்து எழச் செய்து, நேரத்தோடு குறித்து, அதையே அவருக்கான அளவுகோலாக வைத்துக்கொண்டால் பெரும்பகுதி தெளிவாகும். நடையின் வேகமும் கவனிக்கத்தக்கது. மெல்ல நடப்பதும் மறதி பற்றிய கவலையும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால் பின்னாளில் மறதிநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்று ஜோ வர்கீசும் அவருடைய குழுவினரும் 2013இல் எழுதினார்கள். ஆனால் முழங்கால் வலியால் மெல்ல நடப்பவரை அந்தக் கணக்கில் அவசரப்பட்டுச் சேர்த்துவிடக் கூடாது. வலி குறைந்த காலை நேரத்து நடையைத் தனியே எடுத்துப் பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம். இதற்குத்தான் நாள் முழுவதும் ஓடும் கருவி வேண்டியிருக்கிறது. ஒருவரை மற்றவரோடு ஒப்பிடாமல், அவருடைய நல்ல நாளை அவருடைய கெட்ட நாளோடு ஒப்பிடும்போது மட்டுமே எங்கள் எண்கள் பேசின.

அம்மாப்பேட்டை அம்மாவுக்கு இரண்டாவது முறை தொடையில் கருவி வைத்தோம். இடைவிடாமல் இரண்டரை மணி நேரம் தறிக்குழியில் உட்கார்ந்த நாட்களின் மாலையில்தான் அவர் வலி பன்னிரண்டணாவைத் தாண்டியது என்று தெரிந்தது. இடையிடையே எழுந்திருக்கச் சொன்னோம்; போனில் அலாரம் வைத்தது பலிக்கவில்லை. நாலு தார் முடிந்ததும் ஒருமுறை எழுந்து முற்றத்தைச் சுற்றி வருவது என்று அவரே ஒரு வழி வைத்துக்கொண்டார். மூன்றாவது முறை போனபோது, அந்த இடைவெளிகள் தாளில் சீப்பின் பற்களைப் போல வரிசையாக விழுந்திருந்தன. மாலை வலி பெரும்பாலும் எட்டணாவில் நின்றிருந்தது. அவர் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, நீளமான ஓர் இடைவெளியின்மேல் விரலை வைத்தார். நான் அதை நல்ல ஓய்வு என்று குறித்து வைத்திருந்தேன். "இது ஓய்வில்ல கண்ணு, அன்னிக்குப் பாவு அறுந்து போச்சு, தறிக்கு அந்தப் பக்கம் நின்னு முடிச்சுப் போட்டுட்டு இருந்தேன்" என்றார். குறிப்பேட்டை எடுத்து அந்த வரியைத் திருத்தினேன்.